எலுமிச்சம்பழத்துக்கு முன்னாடி ரப்பரைப் பாருங்க

ஓம் சரவணபவ.



வெள்ளிக்கிழமை வாகன பூசைக்கு வர்றவங்கள்ல இப்ப நிறைய பேர் பழைய காடிதான் கொண்டு வர்றாங்க. பூசை முடிஞ்சதும் என்கிட்ட வந்து, "அண்ணே, ரெண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கு, தாங்குமா?"ன்னு கேக்குறாங்க. நான் ஃபோர்மன் இல்ல, தொழிற்சாலையில சூப்பர்வைசர். ஆனா 25 வருசமா என் வீட்டுக் காடியை வீட்டு வாசல்லயே நான்தான் ரிப்பேர் பண்றேன். தனித்தனியா சொல்றதை ஒரே இடத்துல எழுதிட்டா எல்லாருக்கும் உதவும்னு தோணுச்சு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

போன வருசம் சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டத்துல இருந்து ஒரு தம்பி வந்தாரு. அவங்க அம்மாவுக்கு கிட்னி போயிடுச்சு. வாரத்துக்கு 3 நாள் ஈப்போவுக்கு வந்து டயாலிசிஸ் செய்யணும், ஒரு தடவைக்கு 4 மணி நேரம். போக வர 60 கிலோமீட்டர். தம்பிக்குச் சம்பளம் 2,200 வெள்ளி, கையில 6,000 வெள்ளி சேமிப்பு. காடி விக்கிற இடத்துல, "புதுசு எடு தம்பி, 9 வருசக் கடன், மாசம் 600 கட்டினா போதும்"னு சொல்லியிருக்காங்க. "எடுக்கட்டுமா அண்ணே?"ன்னு கேட்டாரு. அம்மாவோட மருந்துச் செலவு ஏறுமே தவிர இறங்காது. 9 வருசம் இந்தக் கடனை யார் கட்டுறது? பழசு வாங்குவோம், நானும் கூட வந்து பாக்குறேன்னு சொன்னேன்.

பார்த்து வாங்கினது புரோட்டோன் வீரா 1.5, 2004 வருசத்து வண்டி. மீட்டர்ல 2 லட்சத்து 87 ஆயிரம். விலை 3,800 வெள்ளி. அந்த நம்பரைப் பார்த்து தம்பி பயந்துட்டாரு. நான் சொன்னது இதுதான்: இரும்பு சீக்கிரம் சாகாது, முதல்ல சாகறது ரப்பர்.

இது நமக்குப் புரியாத விசயமா? 1877-ல கோலகங்சாரில நட்ட ரப்பர் மரங்கள்ல ஒண்ணு இன்னும் அங்கே நிக்குது. நம்ம தாத்தா பாட்டி காலத்துல இருந்து பால்மரம் சீவிச் சாப்பிட்ட குடும்பம் நாம. ரப்பர் வெயில்ல காய்ஞ்சா வெடிக்கும், எண்ணெய் பட்டா உப்பும், சூட்டுல இறுகும்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். காடியில டைமிங் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், என்ஜின் மவுண்டிங், பிரேக் ஹோஸ், ட்ரைவ் ஷாஃப்ட் பூட், டயர், எல்லாமே ரப்பர்தான். ஒழுங்கா ஆயில் மாத்தின என்ஜின் 3 லட்சம் தாண்டியும் ஓடும். 40 வெள்ளி ரப்பரைக் கவனிக்காம விட்டா அதே என்ஜின் நடுரோட்டுல நிக்கும்.

வாங்கும்போது என்ன பாக்கணும்?

காலையில போங்க. போனதும் போனட் மேல கை வைங்க. சூடா இருந்தா விக்கிறவர் முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கார்னு அர்த்தம், இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லுங்க. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் உண்மை தெரியும். நீலப் புகை வந்தா ஆயில் எரியுது. வெள்ளைப் புகை நிக்காம வந்து இனிப்பு வாடை அடிச்சா தண்ணி உள்ளே போகுது, ஹெட் கேஸ்கெட் வேலை இருக்கு. ஆயில் மூடியைத் திறந்து பாருங்க, தே தாரிக் நுரை மாதிரி இருந்தா ஆயிலும் தண்ணியும் கலந்திருக்கு. அந்த வண்டி வேண்டாம். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டுல திறக்காதீங்க, முகமே வெந்துடும்.

மீட்டரை மட்டும் நம்பாதீங்க. 90 ஆயிரம்னு காட்டும், பிரேக் பெடல் ரப்பர் தேய்ஞ்சு இரும்பு தெரியும். கால் பொய் சொல்லாது. டயர் ஓரத்துல நாலு எண் இருக்கும். 2319-னு இருந்தா 2019-ல 23-ஆவது வாரம் செஞ்சது. பூ நல்லா இருந்தாலும் வயசான டயர் வேண்டாம். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு மெதுவா ஓட்டுங்க, 'டக் டக்'னு சத்தம் வந்தா ட்ரைவ் ஷாஃப்ட் போச்சு.

சாசி நம்பர், என்ஜின் நம்பர் ரெண்டும் கிராண்ட்ல உள்ளதோட ஒத்துப் போகணும். பேர் மாத்தறதுக்கு புஸ்பகோம் சோதனையில அதைப் பார்ப்பாங்க. அதுக்கு முன்னாடி முழுப் பணத்தையும் கொடுக்காதீங்க. சம்மன் பாக்கி இருக்கான்னும் கேட்டுக்குங்க.

நாங்க 4 ஞாயிற்றுக்கிழமை வேலை செஞ்சோம். செலவு:

டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப்: 230
என்ஜின் மவுண்டிங் 4: 160
ரேடியேட்டர் ஹோஸ், தெர்மோஸ்டாட், கூலண்ட்: 110
பிரேக் பேட், ஹோஸ், பிரேக் ஆயில்: 190
ட்ரைவ் ஷாஃப்ட் பூட் ரெண்டு பக்கமும்: 60
என்ஜின் ஆயில், ஃபில்டர், பிளக்: 150
முன் டயர் 2: 280

மொத்தம் 1,180 வெள்ளி. வண்டியோட சேர்த்து 4,980. ரோட்டுவரி 90 வெள்ளி, அதுக்கு மேல காப்புறுதி. 6,000-க்குள்ள முடிஞ்சது, கடன் இல்ல.

பழைய பெல்ட்டைக் கழட்டி தம்பி கையில கொடுத்தேன். திருப்பிப் பார்த்தா பல்லோட அடியில வெடிப்பு. ஓடும்போது அறுந்தா என்ஜின் அப்பவே நிக்கும், வால்வு வளைஞ்சு என்ஜினே போகலாம். புது பெல்ட் போட்டதும் மேல கீழ குறி ரெண்டும் சேருதான்னு பார்த்து, சாவி போடறதுக்கு முன்னாடி கையால ரெண்டு சுத்து சுத்தச் சொன்னேன். எங்கேயும் முட்டாம சுத்துச்சு. அப்புறம்தான் ஸ்டார்ட்.

வீட்டுல வேலை செய்யறவங்களுக்கு ரெண்டு விசயம். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகாதீங்க, ஸ்டாண்ட் கட்டாயம் வைங்க. பிரேக் வேலை புதுசுன்னா முடிச்ச பிறகு ஒரு ஃபோர்மன்கிட்ட காட்டுங்க. நாங்களும் காட்டினோம், 30 வெள்ளி கொடுத்தோம். அதுல மிச்சம் பிடிக்காதீங்க.

எல்லாம் முடிச்ச பிறகுதான் கோயிலுக்குக் கொண்டு வந்தாரு. பூசை வேண்டாம்னு நான் சொல்லல. ஆயுத பூசைக்கு என்ன செய்யறோம்? முதல்ல மிஷினைத் துடைக்கிறோம், கிரீஸ் போடறோம், பிறகுதான் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அந்த வரிசையைப் பெரியவங்க காரணமாத்தான் வச்சிருக்காங்க. பிரேக் ஹோஸ் வெடிச்சிருக்கிற காடிக்கு நாலு டயர்லயும் எலுமிச்சம்பழம் நசுக்கிட்டு, 'முருகன் பாத்துக்குவான்'னு சொல்றது பக்தி இல்ல. பாக்கறதுக்குத்தான் நமக்குக் கண்ணும் கையும் கொடுத்திருக்கான்.

அம்மாவை முதல் நாள் கூட்டிட்டுப் போகும்போது நானும் பின்னாடி உட்கார்ந்திருந்தேன். டயாலிசிஸ் முடிஞ்சு வர்றவங்களுக்கு உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். வாடகைக் காடியில திரும்பும்போது ஒவ்வொரு குலுக்கலும் தெரியும்னு சொல்லியிருந்தாங்க. அன்னைக்கு சிக்னல்ல வண்டி நின்னப்ப, "என்னப்பா, என்ஜின் ஓடுதா இல்லையா? ஆட்டமே இல்லையே"ன்னாங்க. 160 வெள்ளி மவுண்டிங் ரப்பர் செஞ்ச வேலை அது. நான் ஒண்ணும் பேசல. தம்பி கண்ணாடியில என்னைப் பார்த்து சிரிச்சாரு.

ஒரு வருசம் ஆச்சு. இன்னும் 22 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. ஒரு டயாலிசிஸ் நாள்கூட தவறல. இப்ப ஆயில் மாத்தறது தம்பியே செய்யறாரு. போன மாசம் பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளுக்கும் பிரேக் பேட் மாத்திக் கொடுத்தாராம்.

பழைய காடி வாங்கப் போறவங்க, குறிப்பா தோட்டத்துல இருந்து வெளியாகி டவுன்ல புதுசா வேலைக்குச் சேர்ந்த பிள்ளைங்க, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி வாங்க. வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு அன்னதானப் பாத்திரம் கழுவற இடத்துலதான் இருப்பேன். காசு வேண்டாம். ரெண்டு பாத்திரம் கழுவிக் கொடுத்தா போதும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!