பிரேக் வழுக்கிய நாள்

ட்ரயல்ஸ் சைக்கிள் தெரியுமா? உட்கார இருக்கையே இல்லாத சைக்கிள். சுவர், பாறை, மரப்பலகை அடுக்கு என்று தாவித் தாவி ஏற வேண்டும். லண்டனில் பழையதொன்றை வாங்கி வார இறுதிகளில் பழகுகிறேன். முப்பது வயதுக்கு மேல் இதெல்லாம் தேவையா என்று அம்மா இன்னும் கேட்கிறார்.

சாதாரண சைக்கிளில் பிரேக் வேகத்தைக் குறைத்தால் போதும். இதில் பின்சக்கரம் பூட்டுப் போட்டதுபோல் நிற்க வேண்டும். முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது நம்மைத் தாங்குவது அந்தப் பிரேக்தான்.

போன கோடையில் சித்தியின் மகன் பலகை அடுக்கில் ஏறிப் பார்த்தான். பிரேக் வழுக்கியது. பெடலின் பற்கள் காலைக் கீறி, இரத்தம். பொறியியலில் முதுகலை படித்தவன் அல்லவா, நான் கேபிள் இழுவையைக் கணக்குப் போட உட்கார்ந்தேன். காரணம் கணக்கில் இல்லை. முதல் நாள் சங்கிலிக்கு நான் அடித்த எண்ணெய் ஸ்ப்ரே டிஸ்க்கிலும் படிந்திருந்தது.

டிஸ்க்கை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்தேன். எண்ணெய் ஊறிய பேடுகளை நம்ப முடியாது, புதியவை போட்டேன். பிறகுதான் பொறுமை வேண்டும்: கொஞ்சம் வேகமாக ஓட்டி, முழுதாக நிற்காமல் மெதுவாக்கி, மறுபடி ஓட்டி, இருபது முப்பது தடவை. பேடின் மெல்லிய படலம் டிஸ்க்கில் ஒட்டினால்தான் பிடி வரும். லீவரையும் நுனியில் ஒரு விரலால் பிடியுங்கள், நெம்புகோல் விதிதான்.

சங்கிலிக்கு இப்போது ஸ்ப்ரே இல்லை, சொட்டுச் சொட்டாகத்தான் எண்ணெய்.

தம்பி மறுபடி வந்தான். பிரேக்கை அழுத்திப் பிடித்து, சைக்கிளை முன்னே தள்ளிப் பார்த்தான். பின்சக்கரம் அசையவில்லை. அதன் பிறகே ஏறினான்.