அம்மாவின் விரலும் தொடுதிரையும்

வங்கி, ஆஸ்பத்திரி, சாப்பாட்டுக் கடை என்று எங்கு போனாலும் இப்போ ஒரு தொடுதிரை நிக்குது. வரிசையில் நிற்க வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம், தொட்டால் போதும், தகவல் வந்துவிடும் என்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் தொடுவது யாருடைய விரல்?

போன லீவுக்கு லிந்துலைக்கு வந்தபோது அம்மாவோடு டவுனுக்குப் போனேன். அங்கே ஒரு இடத்தில் இருந்த திரையை அம்மா மூன்று தடவை அழுத்தினார். அசையவே இல்லை. "பிள்ள, நீ தொடு"ன்னார். நான் தொட்டதும் திறந்துவிட்டது. "எனக்கெல்லாம் இது சரிவராது"ன்னு அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

அம்மாவுக்குத் தெரியாததால் வந்த பிரச்சினை இல்லை இது. போனில் இருப்பதுபோன்ற திரைகளில் கண்ணாடிக்குக் கீழே மெல்லிய மின்புலம் ஒன்று இருக்கிறது. ஈரப்பதமுள்ள விரல் மின்சாரத்தைக் கடத்தும். அது பட்டதும் மின்புலம் மாறும்; எந்த இடத்தில் மாறியது என்று கணக்குப் போட்டுத்தான் திரை வேலை செய்கிறது. வருஷக்கணக்காகக் கொழுந்து பறித்துக் காய்த்துப்போன, காய்ந்த தோல் அந்த மாற்றத்தைச் சரியாகக் கொடுக்காது.

வேறு வழி இல்லாமலும் இல்லை. 1972இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் வந்த பிளேட்டோ 4 கணினித் திரையில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. அதை மறைத்தால் போதும். விரலோ, பென்சிலோ, கையுறையோ, எல்லாம் அதற்கு ஒன்றுதான். இன்றைக்கும் அந்த முறையில் திரைகள் செய்கிறார்கள்.

அடுத்தது மொழி. 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த நாட்டில், தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுத 1987 வரை, 13ஆம் திருத்தம் வரை, ஆனது. அப்படிக் கிடைத்த தமிழ் அந்தத் திரையில் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டது. உள்ளே போனால் எல்லாம் ஆங்கிலம். நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள்தானே?

கவுன்டரில் ஒரு ஆள் இருந்தால் திரும்பவும் கேட்கலாம், "புரியலைங்க"ன்னு சொல்லலாம். திரையிடம் அது முடியாது. அதனால் ஆளை எடுத்துவிட்டுத் திரையை வைக்காதீர்கள், பக்கத்தில் வையுங்கள். மலைநாட்டு டவுன்களில் வைக்கும் முன்பு, கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற நாலு பேரைக் கூப்பிட்டுத் தொடச் சொல்லுங்கள். அவர்கள் விரலுக்குத் திறந்தால் எல்லோருக்கும் திறக்கும்.