பாதித் தொட்டித் தண்ணீர்

2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிலாங்கூரில் மழை பொய்த்து, அணைகளில் நீர் இறங்கி, தண்ணீர்ப் பங்கீடு வந்ததே, நினைவிருக்கிறதா? இரண்டு நாள் குழாயில் வரும். இரண்டு நாள் வராது. எங்கள் தோட்டப் பள்ளியின் கழிவறைப் பக்கம் போக முடியவில்லை. தோட்டத்து வேலை வேனில், இரும்புக் கூண்டுக்குள் இருக்கும் 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியை ஏற்றி, பக்கத்து டிவிஷன் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தொட்டியை நிறைத்தால் ஒரு டன். அந்த வேன் தாங்காது. “பாதி போதும் அண்ணே, பாரம் குறையட்டும்” என்று ஓட்டுநரிடம் சொன்னவன் நான்தான். குழாயைப் பிடிக்க ஆறாம் ஆண்டு மாணவர்கள் இருவரைப் பின்னால் ஏற்றியவனும் நான்தான்.

செம்மண் சாலை இறக்கத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தது. அண்ணன் பிரேக்கை மிதித்தார். வேன் நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. 500 கிலோவும் திரண்டு முன்சுவரில் மோதி, நின்ற வேனை மறுபடியும் தள்ளியது. சக்கரம் சறுக்கிக் கால்வாயில் இறங்கியது. ஒரு பையனின் நெற்றி கூண்டுக் கம்பியில் அடிபட்டு மூன்று தையல்.

அவன் தாயார் மருந்தடிக்கும் வேலை செய்பவர். அவர் என்னைத் திட்டவில்லை. “சார் கூடவே போறாருன்னுதான் அனுப்பினேன்” என்றார். அவ்வளவுதான்.

பாரத்தைக் கணக்குப் பார்த்த நான், அலையைக் கணக்குப் பார்க்கவில்லை. நிறைந்த தொட்டியில் தண்ணீருக்கு ஓட இடமில்லை. பாதித் தொட்டியில்தான் அது ஓடி வந்து முட்டுகிறது. என் பாட்டி குடத்து நீரில் ஒரு கொத்து வேப்பிலை மிதக்கவிட்டுத்தான் சுமந்து வருவார். தளும்பாமலிருக்க என்பார். அதைச் சிறு வயதில் பார்த்தும் எனக்குப் புத்தியில் ஏறவில்லை.

தண்ணீர் லோரிகளின் தொட்டிக்குள் அந்த இலையின் வேலையைச் செய்பவை தடுப்புத் தகடுகள். தண்ணீர் ஊடே போகத் தகட்டில் ஓட்டைகள் இருக்கும். ஆனால் ஒரே அலையாகத் திரண்டு பாய முடியாது. குறுக்கே வைத்த தகடு முன்பின் அலையை அடக்கும். வளைவில் பக்கவாட்டில் சாய்வதை அது தடுக்காது. அதற்கு நீளவாக்கிலும் தகடு வேண்டும். பால் ஏற்றும் டாங்கிகளில் பெரும்பாலும் தகடே இருக்காது. கழுவும்போது மூலைகளில் பால் தங்கிவிடும் என்பதால் அப்படி. அதனால் அவற்றை ஓட்டுபவர்கள் பிரேக்கை வெகு பதமாகத்தான் மிதிக்க வேண்டும்.

“மெதுவாப் போனாப் போதும் சார், தகடு எதுக்கு?” என்றார் ஓட்டுநர் அண்ணன். மெதுவாகப் போவது நல்லதுதான். ஆனால் மாடு நம்மைக் கேட்டுக்கொண்டா குறுக்கே வரும்?

பிளாஸ்டிக் தொட்டிக்குள் தகடு பொருத்தப் பட்டறையில் வழியில்லை என்றார்கள். கடைசியில் மூடி போட்ட 200 லிட்டர் பீப்பாய்கள் மூன்றை வாங்கி, கழுத்துவரை நிரப்பி, கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். பெரிய தொட்டியைச் சிறு சிறு அறைகளாகப் பிரித்தது போலத்தான் அதுவும். பங்கீடு முடியும்வரை அப்படியே ஓடியது. மாணவர்களை மட்டும் மறுபடி ஏற்றவில்லை.

இப்போது இதை எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் மருந்தடிக்கும் வேனில் ஒற்றைப் பெரிய தொட்டி ஒன்றைப் புதிதாக வைத்திருக்கிறார்கள். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே வெறும் சுவர்தான். காலையில் நிரப்புகிறார்கள், பத்து மணிக்குள் பாதியாகிவிடுகிறது. அதன் பக்கத்திலேயே பலகை போட்டுப் பெண்கள் உட்கார்ந்து அடுத்த மேட்டுக்குப் போகிறார்கள். அவர்களில் அந்தப் பையனின் தாயாரும் ஒருவர்.

மண்டோரிடம் சொன்னேன். “மெதுவாத்தான் போறோம் சார்” என்றார். திங்கட்கிழமை நிர்வாகியைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன்.