எரிந்த காரும் ஒரு மறுப்புக் கடிதமும்

காரில் ஆம்ப்ளிஃபையர் பொருத்தியது குற்றமா, அந்தக் கார் எரிந்துபோனால் காப்பீட்டுப் பணம் கிடையாதா என்ற கேள்வி செங்கல்பட்டு நுகர்வோர் மன்றத்தில் ஒருமுறை என் கைக்கு வந்தது. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை முழு வீச்சில் ஓடிக்கொண்டிருந்த காலம். அந்த ஆலையை நம்பியிருந்த உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் என் கட்சிக்காரருக்கு வேலை. கடன் வாங்கிப் பழைய கார் ஒன்றை வாங்கியவர், பாட்டுப் பிரியர். டிக்கியில் சப்வூஃபரும் ஆம்ப்ளிஃபையரும் ஒரு கடையில் பொருத்திக்கொண்டார். சில மாதங்களில், இரண்டாம் ஷிப்ட் முடிந்து திரும்பும் வழியில், டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. ஆள் தப்பினார், வண்டி மிஞ்சவில்லை.

காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்துக் கடிதம் அனுப்பியது. காரணம் ஒரே வரி: எங்களுக்குத் தெரிவிக்காமல் வாகனத்தில் மாற்றம் செய்திருக்கிறீர்கள். கடன் கொடுத்த வங்கிக்கு இந்தத் தகராறு எதுவும் தெரிய வேண்டியதில்லை, தவணைத் தேதி தவறாமல் வந்தது. “இல்லாத வண்டிக்கு மாசாமாசம் கட்டிக்கிட்டிருக்கேன் சார்” என்றார் அவர். வழக்கு எவ்வளவு அவசரம் என்பதை அந்த வார்த்தையே எனக்குச் சொல்லிவிட்டது.

கடிதம் சுட்டிய சட்டத்தை முதலில் பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மாற்றம் என்றால் வண்டியின் கட்டமைப்பில் செய்து, அதன் அடிப்படைத் தன்மையையே மாற்றுவது என்று அந்தப் பிரிவே விளக்கமும் தருகிறது. டிக்கியில் ஒரு பெட்டி வைத்ததால் எஞ்சினும் மாறவில்லை, சேஸிஸும் மாறவில்லை, இருக்கைகளின் எண்ணிக்கையும் மாறவில்லை. ஆம்ப்ளிஃபையருக்குத் தனி பிரீமியம் கட்டவில்லை என்றால் அதன் விலையைக் கேட்க முடியாது, அவ்வளவுதான். காருக்குக் கட்டிய பிரீமியம் அதனால் செல்லாததாகிவிடாது. பாலிசியிலோ தீ விபத்துதான் ஈடு செய்யப்படும் சேதங்களின் பட்டியலில் முதலில் நிற்கிறது.

வழக்கின் கடினமான இடம் சர்வேயரின் அறிக்கை. அதில் எழுதியிருந்தது உண்மை என்பதை நான் மறுக்கவில்லை. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 500 வாட் எடுக்க 40 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் ஓட வேண்டும். அதனால் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் ஒன்றை இழுத்து, எஞ்சின் அறைக்கும் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில் துளையிட்டுப் பின்னால் கொண்டுபோவார்கள். அந்தத் துளையில் ரப்பர் புஷ் இல்லை. ஓட்ட அதிர்வில் தகட்டின் விளிம்பு வயரின் உறையை அறுத்துவிட்டது. பேட்டரிக்கு ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ் இருந்திருந்தால் அந்த நொடியே அது போய் வண்டி பிழைத்திருக்கும். ஆம்ப்ளிஃபையரிலேயே ஃபியூஸ் இருந்ததே என்று கட்சிக்காரர் கேட்டார். அந்த ஃபியூஸ் ஆம்ப்ளிஃபையரைக் காக்கும். அதற்கு முன்னால் உள்ள வயரைக் காக்காது.

விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இந்த அறிக்கையைப் பிடித்துக்கொண்டு, இது மின்பழுது, மின்பழுதுக்கு பாலிசியில் ஈடு இல்லை என்று புதிதாக ஒரு காரணம் சொன்னார். மறுப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தை வழக்கு வந்தபின் கொண்டுவரக் கூடாது என்று 2016-இல் கலாடா பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதை எடுத்து வைத்தேன். நிறுவனம் எந்தக் காரணத்தால் மறுக்கிறது என்று தெரிந்தால்தானே பாலிசிதாரர் அதற்குப் பதில் தேட முடியும்? மன்றம் இதை ஏற்றது.

ஆனாலும் முழுத் தொகை வரவில்லை. தெரிவிக்காமல் பொருத்தியது நிபந்தனை மீறல்தான், ஆனால் முழுக் கோரிக்கையையும் தள்ளும் அளவு பெரியதல்ல என்று மன்றம் கருதியது. அமலேந்து சாஹூ வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் காட்டிய வழியில் 75 சதவீதம் தரச் சொன்னது. அதில் பெரும்பகுதியை வங்கி எடுத்துக்கொண்டது. துளையில் ரப்பர் வைக்காமல் விட்டவரை வழக்கில் சேர்க்கவே வழியில்லை. பில் இல்லை, ரசீது இல்லை. கடையும் இடம் மாறியிருந்தது. தவறு செய்தவர் ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை, நம்பிப் பணம் கொடுத்தவர் கால்பங்கை இழந்தார். சட்டத்தில் அதற்கு அன்று எனக்கு வழி கிடைக்கவில்லை, இன்றும் அது உறுத்துகிறது.

2019 ஜனவரியில் ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 52-ஆம் பிரிவை இன்னும் இறுக்கமாகப் படித்தது. ஆர்.சி.யில் இடம்பெறாத ஒரு பாட்டுப் பெட்டியை அந்தத் தீர்ப்பு தொடாது என்பது என் வாசிப்பு. காப்பீட்டு நிறுவனங்கள் அப்படி வாசிக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். ஆம்ப்ளிஃபையர் பொருத்துகிறவர்கள் பில் கேட்டு வாங்குங்கள். பேட்டரிப் பக்கத்தில் ஃபியூஸ் போட்டிருக்கிறதா என்று பானட்டைத் திறந்து நீங்களே பாருங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அதன் விலைக்கு உண்டான கூடுதல் பிரீமியத்தைக் கட்டி, பாலிசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.