மூடக் கூடாத டெர்மினல்

இந்த வேலைக்குப் பெரும்பாலும் ராத்திரியில்தான் உட்காருவார்கள். திரையில் இரண்டு டெர்மினல்கள். இரண்டும் ஒரே சர்வருக்குள் நுழைந்து நிற்கின்றன. ஒன்றில் அட்மின் கான்ஃபிக் ஃபைலைத் திருத்துகிறார்: கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு இனி யாரும் உள்ளே வர முடியாது, சாவி இருந்தால் மட்டும் வரலாம். இன்னொரு டெர்மினலை அவர் தொடுவதே இல்லை. டீ குடிக்க எழுந்து போனாலும் அது திறந்தே கிடக்கும்.

தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய வழிவிடும் எஸ்எஸ்எச் சேவையை ரீஸ்டார்ட் செய்தாலும், ஏற்கெனவே உள்ளே இருப்பவரை அது வெளியே தள்ளாது. ஒவ்வொரு இணைப்புக்கும் தனி ப்ராசஸ் ஓடுகிறது. அதனால் மூன்றாவதாக ஒரு டெர்மினல் திறந்து நுழைந்து பார்க்கலாம். கதவு திறக்கவில்லையா, பழைய இணைப்பு வழியே தவறைத் திருத்திவிடலாம். அதையும் அவசரத்தில் மூடிவிட்டு, டேட்டா சென்டருக்கு ஃபோன் போட்டு, எங்கோ ஒரு ரேக்கின் முன்னால் கீபோர்டோடு நிற்கும் முகம் தெரியாத ஆளிடம் எழுத்து எழுத்தாகக் கட்டளை சொன்ன கதைகள் இந்தத் தொழிலில் ஏராளம்.

இத்தனை பாடும் தொடங்கியது ஃபின்லாந்தில். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ ஓர் ஒட்டுக்கேட்கும் நிரலை வைத்துக் கடவுச்சொற்களை அள்ளினார்கள். அள்ளுவதற்குச் சிரமமே இல்லை. அன்று இதே வேலைக்குப் புழங்கிய டெல்நெட்டில் கடவுச்சொல் திறந்த அஞ்சலட்டை போலத்தான் போய்க்கொண்டிருந்தது. அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த டாட்டு யுலோனென் அதற்கு மாற்றாக எழுதியதுதான் எஸ்எஸ்எச். போர்ட் எண்களில் எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23. நடுவே காலியாக இருந்த 22ஐக் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்று பெரும்பாலானோர் புழங்கும் ஓப்பன்எஸ்எஸ்எச், 1999இல் ஓப்பன்பிஎஸ்டி குழுவிடமிருந்து வந்தது.

சாவி என்று பெயரே தவிர, வீட்டுச் சாவியைப் போல இது பூட்டுக்குள் போவதில்லை. ப்ரைவேட் கீ லேப்டாப்பை விட்டு நகர்வதே கிடையாது. ஒவ்வொரு முறை நுழையும்போதும், அந்த இணைப்புக்கு மட்டுமே உரிய ஓர் அடையாளத்தின் மேல் அதைக்கொண்டு கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார்கள். கையெழுத்து சரிதானா என்று பப்ளிக் கீயை வைத்து சர்வர் பார்த்துக்கொள்கிறது. கடவுச்சொல்லும் எஸ்எஸ்எச்சில் மறைத்துத்தான் போகிறது, உண்மை. ஆனால் மறுமுனையில் சர்வர் அதைப் பிரித்துப் படித்தாக வேண்டுமே! சர்வரே திருடன் கைக்குப் போயிருந்தால் கடவுச்சொல்லும் போனது. கையெழுத்து கிடைத்தாலோ, அடுத்த கதவில் அது செல்லாது.

சாவி செய்வது அரை நிமிட வேலை. ஈடி25519 வகையைக் கேட்டால் எண்பது எழுத்துச் சொச்சத்தில் ஒரே வரியாக பப்ளிக் கீ வந்து நிற்கும். 4096 பிட் ஆர்எஸ்ஏ என்றால் எழுநூறைத் தாண்டும். 2023இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.5 பதிப்பிலிருந்து, எதுவும் சொல்லாவிட்டாலும் ஈடி25519தான் உருவாகிறது. ப்ரைவேட் கீக்கு ஒரு ரகசியத் தொடர் வைக்கச் சொல்லிக் கேட்கும். அங்கே சும்மா எண்டர் தட்டுகிறவர்கள்தான் அதிகம். லேப்டாப் தொலைந்த அன்றைக்குத்தான் அந்த எண்டர் ஞாபகத்துக்கு வரும்.

அரை நிமிட வேலையும் சறுக்கியதுண்டு. 2006இல் டெபியன் லினக்ஸில், சோதனைக் கருவி ஒன்று குறை சொல்கிறதென்று, சாவி உருவாக்கத்துக்கு உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலிலிருந்து சில வரிகளை எடுத்துவிட்டார்கள். சாவியை ஊகிக்க முடியாததாக்கும் சரக்கு அத்தோடு போயிற்று. மிஞ்சியது ப்ராசஸ் எண் மட்டும். 2008 மே மாதம் விஷயம் வெளியே வந்தபோதுதான் தெரிந்தது: ஒரு வகைக் கணினியில், ஒரு நீளத்தில் பிறக்கக்கூடிய சாவிகள் மொத்தமே 32 ஆயிரத்துச் சொச்சம். பட்டியல் போட்டு ஒவ்வொன்றாய்ச் செருகிப் பார்த்துவிடலாம்!

புதியவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் வேறு. சாவி சரி, பெயர் சரி, ஆனாலும் ‘பர்மிஷன் டினைட்’ என்று ஒற்றை வரியில் முகத்திலடிக்கும். காரணம் சொல்லாது, வெளியே நிற்பவனுக்குக் காரணம் சொன்னால் அதுவே அவனுக்கு வழிகாட்டியாகிவிடும். காரணம் சர்வரின் லாக்கில் இருக்கும். பல சமயம் ஒரே கதைதான்: எஸ்எஸ்எச் ஃபோல்டரிலோ, சாவிப் பட்டியல் ஃபைலிலோ, ஹோம் ஃபோல்டரிலேயோ குழுவில் உள்ள மற்றவர்களும் எழுதலாம் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். மற்றவர் எழுதக்கூடிய இடத்தில் இருக்கும் சாவியை எஸ்எஸ்எச் நம்பாது. கறாரான பேர்வழி.

இதையெல்லாம் கடந்தவர்களையும் ஏமாற்றும் பொறி ஒன்று உண்டு. உபுண்டு கிளவுட் சர்வரில், பெரிய கான்ஃபிக் ஃபைலில் கடவுச்சொல்லுக்கு ‘நோ’ என்று எழுதி, ரீஸ்டார்ட் செய்து, சாவியால் நுழைந்தும் பார்த்தாயிற்று. திருப்தி. ஆனால் அந்த ஃபைலின் தலையிலேயே துணை ஃபைல்களை இழுத்துவரும் ஒரு வரி இருக்கிறது. அப்படி வருகிற, சர்வரை முதன்முறை அமைக்கும் கிளவுட்-இனிட்டின் ஃபைலில் சில சமயம் ‘யெஸ்’ என்றிருக்கும். எஸ்எஸ்எச்சின் வழக்கப்படி முதலில் சொன்னதுதான் செல்லும். ஆக, கதவு அகலத் திறந்தே கிடக்கிறது. பூட்டியவரோ நிம்மதியாகத் தூங்குகிறார். சாவியால் நுழைய முடிகிறதா என்று மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. சாவியை ஒதுக்கி வைத்துவிட்டு, கடவுச்சொல்லோடு வேண்டுமென்றே தட்டிப் பார்க்க வேண்டும். அடித்து விரட்டினால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

பூட்டிய பிறகு பார்க்க வேண்டியது சாவிப் பட்டியல். வழக்கமாக ஒவ்வொரு வரியின் கடைசியிலும், சாவி எந்த ஆளுடையது, எந்தக் கணினியில் பிறந்தது என்று ஒரு குறிப்பு தொங்கும். பழைய சர்வரில் அதைப் படிப்பது பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டுவது மாதிரி. ஆள் வேலையை விட்டுப் போய் நாலு வருஷமாகியிருக்கும். சாவி இன்னும் செல்லும். கடவுச்சொல்லுக்குக் கெடு வைத்த நிர்வாகங்கள்கூட இதை எட்டிப் பார்ப்பதில்லை. அனுபவப்பட்ட அட்மின் அப்படிப்பட்ட வரியை உடனே அழிக்க மாட்டார். முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டுச் செயலிழக்கச் செய்துவிட்டு ஒரு வாரம் காத்திருப்பார். மூன்றாம் நாள் காலையில் ஃபோன் வரும்: ராத்திரி பேக்கப் ரெண்டு நாளாக ஓடவில்லையாம். போனவர் தன் சாவியை அந்த ஸ்க்ரிப்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.