மரம் வளர்ந்தால் நெட் நிற்கும்

கீழ்ப்பழனி மலையில் வயர்லெஸ் நெட் கொடுப்பவர்களோடு ஒரு நாள் நடந்தால், பேச்சு மரத்தில்தான் தொடங்கும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை வட்டாரத்துக் காபித் தோட்டங்களில் நிழலுக்கும் மிளகுக்கொடி ஏற்றவும் சில்வர் ஓக் வைத்திருக்கிறார்கள். கிளை பரப்பாமல் நெட்டுக்குத்தாக உயரும் மரம். தோட்டக்காரர் அதில் ஏறும் மிளகைப் பார்க்கிறார், நெட்காரர் அதன் நுனியைப் பார்க்கிறார்.

"போன வருசம் அந்த நுனி டிஷ்ஷுக்குக் கீழ இருந்துச்சுண்ணே. இப்பப் பாருங்க, நேரா முட்டுது" என்று கையை நீட்டிக் காட்டினார் என்னை அழைத்துப் போனவர். சுற்றுப்பட்ட ஊர்களுக்கு இணையம் கொடுக்கும் சிறிய நிறுவனம் அவருடையது. ஊரில் அவரை 'நெட்கார அண்ணன்' என்கிறார்கள். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

இணைப்பின் இரு முனையிலும் இருக்கும் டிஷ்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அது மட்டும் போதாது என்பதை இங்கேதான் விளக்கமாகக் கேட்டேன். நேர்கோட்டைச் சுற்றியும் அலைக்கு வெளி வேண்டும். 5.8 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் இணைப்பு என்றால், நடுவழியில் அந்த வெளியின் ஆரம் சுமார் 11 மீட்டர். ஃப்ரெனெல் மண்டலம் என்பது அதன் பெயர். அந்த ஆரத்தில் 60 விழுக்காடாவது தடையில்லாமல் இருந்தால்தான் இணைப்பு நிலைக்கும். ஆகவே மரம் பார்வையை மறைக்கும் முன்பே வேகம் விழத் தொடங்கிவிடுகிறது. மலையில் மூடுபனி இறங்கினால் நெட் போகும் என்று நான் நினைத்திருந்தேன். இந்த அலைவரிசையில் பனி பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. மழையில் நனைந்த இலைதான் அலையைக் குடிக்கிறது. மழைக்காலத்துக்கு முன் தோட்டங்களில் நிழல் கழிப்பார்கள், அதாவது கிளைகளை வெட்டிக் காபிச் செடிக்கு வெளிச்சம் விடுவார்கள். எந்தத் தோட்டத்தில் எப்போது நிழல் கழிக்கிறார்கள் என்ற கணக்கு நெட்கார அண்ணனின் டைரியில் இருக்கிறது. "இந்த ரெண்டு மரத்தையும் சேத்துக் கழிச்சு விடுங்கய்யா" என்று அவர் தோட்டக்காரர்களிடம் போய் நிற்பதும் தொழிலின் ஒரு பகுதி.

அடிவாரத்தில், மருதாநதி அணைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஒரு மாடிக் கட்டடம் வரைக்கும் ஃபைபர் வருகிறது. அதன் மொட்டை மாடியில் மலை விளிம்பைப் பார்த்தபடி ஒரு டிஷ். விளிம்பில், ஒரு காபித் தோட்டத்து மேட்டில் அதன் ஜோடி. அங்கிருந்து செக்டார் ஆன்டெனாக்கள் ஊர்களுக்குப் பரப்புகின்றன. மேட்டுக்குத் தெரியாத பள்ளத்து வீடுகளுக்கு நடுவில் ஒரு ரிலே வேண்டும். ரிலேக்கு இடம் கொடுக்கும் வீட்டுக்கு வாடகைக்குப் பதில் நெட் இலவசம்.

ஃபைபரையே மேலே கொண்டுபோகலாமே என்று கேட்டேன். கொண்டுபோக முடிந்த இடத்தில் ஃபைபர்தான் நல்லது, அதில் சந்தேகமே இல்லை என்று அவரே சொன்னார். ஆனால் இங்கே வீடுகள் தெருவாக இல்லை, தோட்டத்துக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு வீட்டுக்காக ஓடைகளையும் காட்டையும் தாண்டிக் கம்பி இழுத்தால் கட்டுபடியாகாது. மண் சரிந்தால் கம்பி அறும், ரோடு போட ஜேசிபி வந்தாலும் அறும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறி இந்த மலைகளையும் அடித்துக்கொண்டு போனபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்ததை இங்குள்ளவர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

வேலை நடக்கும் இடத்தைப் பார்த்தது விளிம்பு மேட்டில்தான். ஸ்டே கம்பிகள் இழுத்துக் கட்டிய முக்கோண டவர். மேலே ஏறிய தம்பிக்கு இருபதைத் தாண்டிக் கொஞ்சம் வயதிருக்கும். புதிய டிஷ்ஷை மாட்டிவிட்டு அங்குலம் அங்குலமாகத் திருப்பினார். கீழே இன்னொருவர் மொபைலைப் பார்த்துச் சத்தமாக வாசித்தார். சிக்னலை மைனஸ் எண்ணில் அளக்கிறார்கள், மைனஸை விட்டுவிட்டுச் சொல்லும் எண் குறையக் குறைய நல்லது.

"எழுபத்தெட்டு... எழுபத்திரெண்டு... அறுபத்தொம்பது... திரும்ப எழுபத்தஞ்சு."

அறுபத்தொன்பது வந்த இடத்துக்கே திருப்பி போல்ட்டை முறுக்கிவிடுவார் என்று நினைத்தேன். அவர் அதைத் தாண்டிப் போனார். எண் எண்பதுக்குப் போனது, பிறகு மளமளவென்று இறங்கி ஐம்பத்தைந்தில் நின்றது. டிஷ்ஷின் முதன்மைக் கற்றைக்குப் பக்கத்தில் சிறு கற்றைகள் உண்டு. அவற்றில் ஒன்று சிக்கினாலும் இணைப்பு வந்துவிடும், ஆனால் வேகம் வராது, முதல் மழையிலேயே போய்விடும். "அது பொய் சிக்னலுண்ணே. இறங்கி ஏறுனாத்தான் நெசம்" என்றார் தம்பி, கீழே வந்த பிறகு. அதன் பின் மேல் கீழாக அதே வேலை. கடைசியில் போல்ட்டை முறுக்கும்போதே டிஷ் ஒரு மயிரிழை நகர்ந்து எண் கெடும். ஆகவே நான்கு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குகிறார்கள். வெயிலில், காற்றில் ஆடும் கம்பத்தில், இரண்டு முழங்கால்களால் இரும்பைக் கவ்விக்கொண்டு இதைச் செய்கிறார்கள்.

கேபிள் வேலையும் கவனிக்க வேண்டியது. டிஷ்ஷுக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு வளைவாகக் கீழே தொங்கவிட்டு மேலேற்றுகிறார்கள். மழைநீர் கேபிள் வழியாக ஓடி ஜாக்குக்குள் போகாமல் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். ஜாக் அடிக்கும்போது தம்பியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். ஒரு கேபிள் துண்டை எடுத்துப் பிளேடால் சுரண்டிக் காட்டினார். செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளி நிறம் தெரிந்தது. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசி விற்கிறார்கள். டிஷ்ஷுக்கு மின்சாரமும் இதே கேபிளில்தான் ஏறுகிறது. தூரம் கூடும்போது இந்தக் கம்பியில் மின்னழுத்தம் இறங்கிவிடும், டிஷ் அணைந்து அணைந்து எரியும். விலை குறைவு என்று இதை வாங்கிய இடங்களில் எல்லாம் இரண்டாம் முறை ஏற வேண்டியிருந்தது என்றார்.

இந்தத் தொழில்நுட்பத்துக்கு நம் பக்கத்தில் ஒரு வரலாறு உண்டு, அது இன்னும் பரவலாகத் தெரிய வேண்டும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பம், 2000களின் தொடக்கத்திலேயே மதுரை மாவட்டம் மேலூரைச் சுற்றிய கிராமங்களுக்கு இணையத்தைக் கொண்டுபோனது. வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். சில ஆண்டுகளுக்குப் பின், இந்த மலைக்குத் தெற்கே தேனியில், அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களோடு நெடுந்தூர வைஃபையால் இணைத்தார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அந்த வேலையில் இருந்தார்கள். கிராமத்து நோயாளி தன் ஊர்ப்பக்கமே உட்கார்ந்து தேனி டாக்டரிடம் வீடியோவில் கண்ணைக் காட்டினார்.

அங்கே தீர்த்த அதே சிக்கலைத் தீர்த்தால்தான் இன்று இந்த மேட்டிலும் தொழில் நடக்கும். வைஃபை ஒரு அறைக்குள் ஓடுவதற்காகப் பிறந்தது. ஒவ்வொரு துண்டுத் தகவலையும் அனுப்பிவிட்டு, கிடைத்தது என்ற பதிலுக்கு இமைப்பொழுது காத்திருக்கும். தூரம் கூடினால் பதில் வருவதற்குள் பொறுமையிழந்து மறுபடி அனுப்பும். இதோடு இன்னொன்று: பேசுவதற்கு முன் வேறு யாரும் பேசுகிறார்களா என்று கேட்கும் வழக்கம் அதற்கு உண்டு. மலையின் இரு சரிவுகளில் இருக்கும் வீடுகளில் ஒன்று பேசுவது மற்றதற்குக் கேட்காது. இரண்டும் ஒரே நேரத்தில் மேட்டுக் கோபுரத்திடம் பேசி மோதிக்கொள்ளும். கிணற்றுத் தண்ணீரைப் பங்காளிகள் முறை வைத்துப் பாய்ச்சுவதுபோல, ஒவ்வொரு வீட்டுக்கும் நேரம் ஒதுக்கிப் பேசவிடுவதுதான் இதற்கு வழி. தேனியில் அதை மென்பொருளால் செய்துகாட்டினார்கள். இன்று கடையில் வாங்கும் வெளிப்புற ரேடியோக்களில் இந்த முறை உள்ளேயே வருகிறது.

அதே ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்றும் எழுதினார்கள்: கிராமத்து நெட்வொர்க்கைப் படுத்துவதில் ரேடியோவைவிட மோசமான மின்சாரத்தின் பங்கு பெரிது. நெட்கார அண்ணனின் அலமாரியைத் திறந்தால் இதற்கு வேறு சான்று வேண்டாம். கருகிய அடாப்டர்கள் ஒரு பெட்டி நிறைய. சித்திரை வைகாசி இடிமழையிலும் ஐப்பசி மழையிலும் அந்தப் பெட்டி நிறைகிறது. நல்ல எர்த்திங், கேபிளின் இரு முனையிலும் சர்ஜ் புரொடக்டர், பேட்டரி என்று செலவு அத்தனையும் இதற்கே போகிறது. காட்டுமாடு உரசி ஸ்டே கம்பி தளர்வதும் குரங்கு கேபிளைக் கடிப்பதும் தனிக்கதை.

ஊருக்குள் இருக்கும் ஆபீஸ் ஒரே அறை. அங்கே போன் எடுக்கும் பெண்தான் இந்த நிறுவனத்தின் தூண் என்பது என் முடிவு. திரையில் ஒவ்வொரு வீட்டின் சிக்னலும் அவருக்குத் தெரிகிறது. நான் இருந்தபோது ஒரு பாட்டி கூப்பிட்டார், திருப்பூரில் இருக்கும் மகனோடு பேசினால் படம் நின்று நின்று வருகிறதாம்.

"அம்மாச்சி, அந்த வெள்ளப் பொட்டியில எத்தன லைட்டு எரியுது?"

"மூணு எரியுது தாயி."

"பொட்டி எங்க இருக்கு?"

"பீரோ மேல வெச்சிருக்கான் பேரன்."

"பீரோவுக்குப் பின்னால வுழுந்து கெடக்கான்னு பாருங்க."

விழுந்துதான் கிடந்தது. இரும்புக்குப் பின்னால் போன வைஃபை வீட்டுக்குள்ளேயே செத்துவிட்டது. கம்பத்தில் ஏற வேண்டிய தேவை இல்லாமலே தீர்ந்த புகார். அழைப்புகளில் பெரும்பகுதி இப்படித்தான் என்றார் அந்தப் பெண். எது வீட்டுக்குள் இருக்கும் கோளாறு, எது மேட்டில் இருக்கும் கோளாறு என்று குரலை வைத்தே பிரிக்கத் தெரிந்த ஒருவர், பையன்களின் பாதி ஏற்றத்தை மிச்சப்படுத்துகிறார்.

5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதியை உரிமம் இல்லாமல் பயன்படுத்த மத்திய அரசு 2018 அக்டோபரில் வழிவிட்டது. சிறு நிறுவனங்கள் பிழைத்ததற்கு அது முக்கியக் காரணம். ஆனால் எல்லோருக்கும் பொதுவான அலைவரிசையில் இன்னொருவர் இடைஞ்சல் செய்கிறார் என்று போய் முறையிட முடியாது. எதிர் மலையில் இன்னொருவர் இதே தொழில் செய்கிறார். வாடிக்கையாளருக்குப் போட்டி உண்டு, ஆனால் எந்தச் சேனல் யாருக்கு என்பதை இருவரும் போனில் பேசி வைத்துக்கொள்கிறார்கள். அகலமான சேனல் போட்டால் வேகம் கூடும், கூடவே எதிராளியின் இரைச்சலும் உள்ளே வரும். அதனால் இருவருமே 20 மெகாஹெர்ட்ஸில் அடக்கமாக நிற்கிறார்கள். எழுத்தில் இல்லாத இந்த ஒப்பந்தம் எனக்கு மிகப் பிடித்தது.

உரிமம் வேண்டாதது அலைவரிசைக்குத்தான். தொழிலுக்கு உரிமம் உண்டு: நாடு முழுக்க ஏ, மாநில அளவில் பி, அதற்கும் சிறிய வட்டாரத்துக்கு சி. சிலர் பெரிய நிறுவனத்தின் கீழ் ஃபிராஞ்சைஸ் எடுத்து நடத்துகிறார்கள். வாடிக்கையாளரின் ஆவணங்கள், இரண்டு ஆண்டுக்கான இணைப்புப் பதிவுகள், 18 விழுக்காடு ஜிஎஸ்டி எல்லாம் பெரிய நிறுவனங்களுக்குப் போலவே இவர்களுக்கும். 2023 முதல் 5ஜி வழியாக வீட்டு நெட் வந்திருக்கிறது. 2025 ஜூனில் ஸ்டார்லிங்குக்கு உரிமம் கிடைத்தது. நெட்கார அண்ணன் இவற்றைப் பார்த்துப் பயப்படவில்லை என்று சொல்லமாட்டேன். 5ஜி டவர் தெரியும் வீடுகள் போகத் தொடங்கிவிட்டன என்று வெளிப்படையாகவே சொன்னார். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொடுக்கும் டான்ஃபிநெட் திட்டத்தின் இணைப்பு மலை ஊராட்சிகளில் உறுதியாகக் கிடைத்து, அதைச் சிறு நிறுவனங்கள் நியாயமான விலைக்கு வாங்க முடிந்தால், அடிவாரத்திலிருந்து அலையை ஏற்றும் பாடு மிச்சம். அங்கிருந்து தோட்டத்து வீடு வரைக்கும் கொண்டுசேர்க்க இவர்களைவிடத் தகுந்தவர்கள் யாருமில்லை.

இவ்வளவும் நின்றுகொண்டிருப்பது மேலே ஏறும் தம்பிகளின் மேல். இங்கே முழு உடல் பெல்ட்டும் ஹெல்மெட்டும் இருந்தன, விபத்துக் காப்பீடும் எடுத்திருக்கிறார்கள். வேறு ஊர்களில் இடுப்பில் நைலான் கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஏறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். காப்பீடு என்றால் சிரிப்பார்கள். உங்கள் ஊரில் நெட் கொடுப்பவரிடம் பெல்ட் இருக்கிறதா, காப்பீடு இருக்கிறதா என்று ஒரு முறை கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் வாங்குவார்கள். இடி மின்னலில் இணைப்பு போனால், "இப்பவே ஆள் அனுப்பு" என்று போனில் சத்தம் போடாதீர்கள். நனைந்த இரும்புக் கம்பத்தில் யாரையும் ஏறச் சொல்லாதீர்கள். மழை விட்டதும் தாங்களாகவே வந்துவிடுவார்கள்.