ஒரே மாகாணந்தான்!

கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகத்தை நோக்கி நடந்தேன். 1875-இல் வேல்ஸ் இளவரசர் அங்கே அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டினார்; 1885-இல் அது முற்றுப்பெற, காலியை நாடிய கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. மலைநாட்டுத் தேயிலையும் இங்கேயே வந்து குவிந்தது. பண்டகசாலை, வங்கி, கந்தோர் எல்லாம் தொடர்ந்தன. உத்தியோகம் தேடி வந்த நம்மவர் வெள்ளவத்தையில் குடியேறினர். 1978-இல் கட்டுநாயக்காவில், விமான நிலையத்தை அண்டிச் சுதந்திர வர்த்தக வலயம் எழுந்ததும் கம்பஹாவும் தலைநிமிர்ந்தது.

வெள்ளவத்தையில் புகைவண்டி ஏறிக் களுத்துறையில் இறங்கி, உள்ளே அகலவத்தைப் பக்கம் சென்றாலோ கதை வேறு. அங்கே பலருக்குச் சோறு போடுவது இறப்பர் மரம். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை; கூலியும் இல்லை. விலையையோ கடல்கடந்த சந்தை நிர்ணயிக்கிறது. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்கு மேல் மாகாணத்தினுடையதாம்! அகலவத்தையும் அம்மாகாணத்தில்தான் இருக்கிறது. அதன் இளைஞர் விடியுமுன்னே கொழும்பு பஸ்ஸுக்குக் காத்து நிற்கின்றனர்.